பாதுகாப்பானது என்று நீ எழுதிய வரி

கண்ணா,

கல்யாணப் பத்திரிகை வைக்கிற வேலை ஏறக்குறைய முடிந்துவிட்டது. உன் அப்பாவின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து, தாம்பாளத்தை மடியில் பிடித்துக்கொண்டு ஆவடி, பூந்தமல்லி, திருநின்றவூர் என்று சுற்றியதில் என் இடுப்பு விட்டுப்போயிற்று. தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் நம்மோடு இருந்தவர்கள் இப்போது ஆளுக்கொரு மூலையில் வீடு கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். போகிற வீட்டிலெல்லாம் காபி, போகிற வீட்டிலெல்லாம் நீ சின்னப் பிள்ளையில் செய்த ஏதாவது ஒரு கூத்து. பெண் எப்படி, நீ எப்போது வருகிறாய், கல்யாணத்துக்கு அப்புறம் அவளையும் ஜெர்மனிக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவாயா என்று ஒரே கேள்விகள். சிரித்துச் சிரித்துப் பதில் சொன்னேன். வேப்பம்பட்டுக்குப் போகும்வரை சந்தோஷமாகத்தான் இருந்தேன். போய்விட்டு வந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. போனில் பேசலாம் என்று பார்த்தால் முதல் தடவை பாதியில் வைத்துவிட்டாய், அடுத்த தடவை சிக்னல் சரியில்லை என்றாய். ஜெர்மனியில் சிக்னல் இல்லை என்று சொன்ன முதல் ஆள் நீயாகத்தான் இருப்பாய். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்துக்குச் சிக்னல் வேண்டாம்.

யார் யாருக்குப் பத்திரிகை வைக்க வேண்டும் என்று நீ அனுப்பியதில் உன் பழைய ஆபீஸ் ஆட்கள் எல்லாரும் இருந்தார்கள். வாசலில் நிற்கும் செக்யூரிட்டி அண்ணன் வரைக்கும் மறக்காமல் எழுதியிருந்தாய். பவித்ரா மட்டும் இல்லை. மறந்திருப்பாய் என்று நினைத்தேன். கல்யாண அவசரத்தில் யார்தான் மறக்கமாட்டார்கள்? அந்தப் பெண் நம் வீட்டுக்கு முதலில் வந்தது உனக்கு நினைவிருக்கும். பெரிய மழை, ரயில் நின்றுபோய்விட்டது, அம்பத்தூர் எஸ்டேட்டில் உன் ஆபீஸிலிருந்து கள்ளிக்குப்பத்தில் நம் வீடு வரைக்கும் முழங்கால் தண்ணீரில் நீயும் அவளும் நடந்து வந்தீர்கள். "அம்மா, எங்க டீம்ல புதுசா சேர்ந்த பொண்ணு, வேப்பம்பட்டு, இன்னைக்கு ஊட்டுக்குப் போக முடியாது" என்று வாசலிலேயே நின்று சொன்னாய். என் நைட்டியைப் போட்டுக்கொண்டு, தலையைத் துவட்டிக்கொண்டு, அடுப்படியில் வந்து நின்று வெங்காயம் உரித்துக் கொடுத்தாள். அவர்கள் வீட்டில் அவள்தான் முதலில் படித்தவள். அவள் தாத்தா காலம்வரை கூலிக்கு நாற்று நட்டவர்கள், அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் தகடு அடிக்கிற ஒரு பிரஸ் ஷாப்பில் ஹெல்பர். "அதே எஸ்டேட்டுக்குத்தான் ஆண்ட்டி நானும் வர்றேன், ஆனா ஏசி ரூமுக்கு" என்று சொல்லிச் சிரித்தாள். அதற்கப்புறமும் எத்தனையோ தடவை வந்திருக்கிறாள். உன்னை அண்ணா என்று கூப்பிடுவாள். நீதான் அவளுக்கு வேலை கற்றுக்கொடுக்கிறாய் என்று தெரியும். அவள் வருவது திடீரென்று நின்றுபோனபோது கேட்டேன். வேலையை விட்டுவிட்டாள் என்றாய். வேறு நல்ல இடம் கிடைத்திருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

அதற்குக் கொஞ்ச நாள் கழித்துத்தான் நீ ஸ்வீட் பாக்ஸோடு வந்தாய். முகமெல்லாம் சிரிப்பு. உலகம் முழுக்கப் புரோகிராம் எழுதுகிறவர்கள் பயன்படுத்தும் ஒரு கருவி, யார் எந்த வரியை எப்போது மாற்றினார்கள் என்று கணக்கு வைத்துக்கொள்கிற கருவி, அதன் கையேட்டில் ஒரு ஆப்ஷனைப் பற்றித் தப்பாக எழுதியிருந்தார்கள், நீ கண்டுபிடித்துத் திருத்தி அனுப்பினாய், அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள் என்றாய். எனக்கும் அப்பாவுக்கும் ஒன்றும் விளங்கவில்லை. நீ ஃபிரிட்ஜ் கதவில் நான் ஒட்டியிருந்த மளிகைச் சீட்டைக் காட்டிச் சொன்னாய். இதைக் காப்பி எடுத்துக்கொண்டு போய் நாம் மாற்றி எழுதுகிறோம், திரும்பி வந்து பழையதைக் கிழித்துவிட்டு நம்முடையதை ஒட்டுகிறோம். நடுவில் அப்பா வந்து துவரம் பருப்பு என்று எழுதியிருந்தால் அது போய்விடும். அப்படிப் போகாமல் இருக்கத்தான் அந்த ஆப்ஷன். நாம் கடைசியாகப் பார்த்த அதே சீட்டு இன்னும் கதவில் இருந்தால்தான் புதிதை ஒட்ட விடும். யாராவது நடுவில் எழுதியிருந்தால் விடாது. அடுத்தவர் வேலைக்கு ஆபத்தில்லை, பாதுகாப்பானது என்று கையேடு சொல்கிறது.

ஆனால் நம் கம்ப்யூட்டரில் இன்னொரு புரோகிராம், நமக்கு உதவி செய்கிற நினைப்பில், நமக்குச் சொல்லாமலே அடிக்கடி போய்ச் சீட்டைப் பார்த்துவிட்டு வருமாம். கருவியோ, பார்த்தது நாம்தான் என்று எடுத்துக்கொள்ளுமாம். பருப்பு என்று எழுதியிருப்பதைப் பார்த்த பிறகும், வேண்டாம் என்றுதான் கிழிக்கிறோம் என்று நினைத்து, புதிதை ஒட்ட விட்டுவிடுமாம். "அப்போ என் பருப்பு போச்சா?" என்றார் அப்பா. "போச்சுப்பா. கையேடு சொன்னபடி செஞ்சாலும் போச்சு" என்றாய். அதைத்தான் நீ திருத்தி எழுதினாய். எப்போது பாதுகாப்பு, எப்போது பாதுகாப்பில்லை, என்ன செய்ய வேண்டும் என்று தெளிவாக. எனக்குப் பெருமை தாங்கவில்லை. சின்ன வயதிலேயே நீ அப்படித்தான். ஆவடியில் பஸ் நிற்கிற இடத்தை மாற்றிவிட்டுப் பழைய போர்டை எடுக்காமல் விட்டிருந்தார்கள். போர்டைப் பார்த்து ஜனங்கள் அங்கேயே நின்றார்கள். நீ ஸ்கூல் பையோடு ஒரு சாயங்காலம் முழுக்க அந்தப் போர்டுக்குக் கீழே நின்று, வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் "இங்க நிக்காதீங்க, அங்க போங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாய். நான் உன்னைத் தேடி அலைந்து, கண்டுபிடித்து, முதுகில் ஒன்று வைத்தேன். ஸ்வீட்டை வாயில் போட்டுக்கொண்டு அதைத்தான் நினைத்துக்கொண்டேன். அந்தத் திருத்தத்தைப் பார்த்துத்தான் ஜெர்மனிக்காரன் உன்னை வேலைக்குக் கூப்பிட்டான். தெரு முழுக்கச் சொன்னேன்.

பவித்ரா வீட்டுக்கு அப்பா வரவில்லை, முதுகு வலி என்று படுத்துவிட்டார். நான் தனியாக ரயிலில் போனேன். வேப்பம்பட்டு ஸ்டேஷனில் இறங்கி, ரயில்வே கேட்டைத் தாண்டி, ஷேர் ஆட்டோவில் போய், அங்கங்கே கேட்டுக் கேட்டுக் கண்டுபிடித்தேன். ஹாலோ பிளாக் வைத்துக் கட்டி இன்னும் பூசாத வீடு. அவள் அம்மா என்னை அதற்கு முன் பார்த்ததே இல்லை, ஆனால் உன் பெயரைச் சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது. நாற்காலியைத் துடைத்துப் போட்டார். தாம்பாளத்தை வாங்கி, சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு வந்து, எனக்குக் குங்குமம் கொடுத்து, வாசலில் வாங்கி வைத்திருந்த மல்லிகையை என் தலையில் அவரே வைத்துவிட்டார். பவித்ரா எங்கே என்று கேட்டேன். கடைக்குப் போயிருக்கிறாள், மத்தியானச் சாப்பாட்டுக்கு வருவாள் என்றார். என்ன கடை என்றேன். ஸ்டேஷன் பக்கத்தில் துணிக்கடை, புடவை எடுத்துப் போடுகிற வேலை என்றார்.

"அந்தக் கம்ப்யூட்டர் வேலைலாம் நம்மளுக்கு ஆவாதும்மா. இன்னாத்தயோ அழிச்சிட்டாளாம், ஊட்டுக்கு அனுப்பிட்டாங்கோ. நல்லா படிச்சிகினு இருந்த பொண்ணு, இப்போ அதைத் தொடவே பயப்படுது" என்றார். புகாராகச் சொல்லவில்லை. ஒத்துக்கொள்ளாத பண்டத்தைத் தின்று வயிறு கெட்டுப்போன பிள்ளையைப் பற்றிப் பேசுவது மாதிரிதான் பேசினார்.

கொஞ்ச நேரத்தில் பவித்ரா வந்தாள். என்னைப் பார்த்ததும் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். இளைத்திருந்தாள். பத்திரிகையைப் பிரித்து உன் பெயரைத் தடவிப் பார்த்தாள். அண்ணா எப்படி இருக்காங்க, அங்கே குளிரா, பெண் எந்த ஊர் என்று எல்லாம் கேட்டாள். நான்தான் வேலையைப் பற்றி மெதுவாகக் கேட்டேன். பத்திரிகையை மடித்து வைத்துவிட்டுச் சொன்னாள். டீமில் இன்னொரு பையன் செய்து வைத்திருந்த வேலைக்கு மேல் இவள் தன்னுடையதை ஏற்றியிருக்கிறாள். அவனுடையது போய்விட்டது. அது போனது யாருக்கும் தெரியவில்லை. வெளிநாட்டு வாடிக்கையாளருக்குக் காட்டுகிற நாளில் அந்தப் பகுதியைத் திறந்தால் ஒன்றும் இல்லை. பெரிய அவமானமாகிவிட்டது. யார் செய்தது என்று பார்த்ததில் இவள் பெயர் நின்றது. அவளோ வேலையில் இன்னும் நிரந்தரமாகாதவள். கவனக்குறைவு என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். அப்புறம் போன இடங்களில் எல்லாம் பழைய கம்பெனியைக் கேட்கிறார்கள், அங்கே அதையே சொல்கிறார்கள். அதனால் அங்கே வேலை பார்த்ததையே ரெஸ்யூமிலிருந்து எடுத்துவிட்டாளாம். இவ்வளவு நாள் என்ன செய்தாய் என்று கேட்டால் வீட்டில் இருந்தேன் என்று சொல்கிறாளாம்.

நான் அவளிடம், ஏம்மா, எப்படி ஏற்றுவது என்று நீ யாரையும் கேட்கவில்லையா என்றேன். அப்போது அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "கேட்டேன் ஆண்ட்டி. அண்ணா எழுதி வெச்ச பேஜ் ஒண்ணு இருக்கும், டீம்ல எல்லாரும் அதைப் பாத்துதான் செய்வோம். அதுல இந்த ஆப்ஷன் போட்டா சேஃப், யார் வேலையும் அழியாதுன்னு இருந்துச்சு. அதைத்தான் போட்டேன். நான்தான் வேற எங்கயோ தப்பு பண்ணியிருக்கேன். இல்லேன்னா எப்படி அழியும்?"

ஃபிரிட்ஜ் கதவு, மளிகைச் சீட்டு, பருப்பு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக என் கண்முன் வந்து நின்றது. நான் படித்தவளில்லை என்று நீ கேலி செய்வாய், ஆனால் இது புரிவதற்குப் படிப்பு வேண்டியதில்லை. நீ எங்கள் இருவரையும் உட்காரவைத்து அவ்வளவு அழகாகப் புரியவைத்திருந்தாய். கையேட்டில் இருந்த அந்த வரியைத்தான் நீ டீமுக்கான பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறாய். அந்தப் பக்கத்தைத்தான் இவள் நம்பியிருக்கிறாள். இவளுக்கு நடந்ததைப் பார்த்துத்தான் உனக்கு அந்த வரி தப்பு என்றே தெரிந்திருக்கிறது. அதை உலகத்துக்குச் சொல்லிவிட்டாய். இந்தப் பெண்ணுக்கு மட்டும் சொல்லவில்லை. நாங்கள் தின்ற ஸ்வீட் எங்கிருந்து வந்தது என்று எனக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் தெரிந்தது.

சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. சொன்னால் நான் சொன்னதாகிவிடும், நீ சொன்னதாகாது. "நீ தப்பு பண்ணலடி" என்று மட்டும் சொன்னேன். பெரியவர்கள் ஆறுதலுக்குச் சொல்வது என்று நினைத்து, தலையை ஆட்டிச் சிரித்தாள். அவள் அம்மா போட்ட சாப்பாட்டில் நாலு வாய் தின்றேன். அவள் ஸ்டேஷன் வரைக்கும் வந்து என்னை ஏற்றிவிட்டு, அப்படியே கடைக்குப் போனாள். அந்தப் பூவைத் தலையில் வைத்துக்கொண்டு அம்பத்தூர் வரைக்கும் வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா நல்ல வாசனை என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது, கண்ணில் தூசி என்று சொன்னேன்.

அன்றைக்குச் சாயங்காலம்தான் உனக்குப் போன் செய்தேன். நீ மறுக்கவில்லை, அது எனக்குக் கொஞ்சம் ஆறுதல். அவளை விசாரித்து அனுப்பிய மீட்டிங் நடந்தபோது உனக்கும் தெரியாது, அவள் போன பிறகு மனசு கேட்காமல் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் செய்து பார்த்ததில்தான் தெரிந்தது என்றாய். நம்புகிறேன். கையேட்டில் இருந்ததை நம்பி எழுதினது உன் குற்றமே இல்லை. அதில் எனக்கு உன் மேல் ஒரு வருத்தமும் கிடையாது. தெரிந்த அன்றைக்கே பக்கத்தை மாற்றிவிட்டேன், அதற்கப்புறம் யாருக்கும் இப்படி ஆகவில்லை, இனிமேல் உலகத்தில் எவனுக்கும் ஆகாது என்றாய். சரி, பவித்ராவுக்கு என்று கேட்டேன். அதற்கு நீ சொன்னாய்: "அவளே தன் தப்புன்னு ஒத்துக்கிட்டாம்மா."

கண்ணா, நான் உன்னைப் பெற்றவள். நீ பேசின எத்தனையோ பேச்சு எனக்குக் கோபம் வரவழைத்திருக்கிறது. காலேஜில் சேருகிற நேரத்தில் நீ பேசாத பேச்சா? ஆனால் உன்னைப் பார்த்து நான் பயந்தது அன்றைக்குத்தான். செய்யாத தப்பை ஒருத்தி தன் தலையில் எடுத்துப் போட்டுக்கொண்டு நிற்கிறாள். அது தப்பில்லை என்று தெரிந்த ஒரே ஆள் நீ. அவள் ஒத்துக்கொண்டதையே நீ உனக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டாய். அவள் ஏன் ஒத்துக்கொண்டாள் தெரியுமா? அண்ணா எழுதினது தப்பாக இருக்காது என்று அவ்வளவு நம்பிக்கை. அதனால்தான்.

நான் வேலை பார்த்த இடத்தைப் பற்றி நீ அதிகம் கேட்டதில்லை. தொழிற்சாலையில் டிராயிங் பிரிவு என்று தெரியும், அவ்வளவுதான். வரைந்து கொடுப்பவர்கள் வேறு, நான் பிரிண்ட்டுகளைப் பதிந்து, ஒவ்வொரு மெஷின் ஷாப்புக்கும் எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்து, பழையதை வாங்கிக்கொண்டு வருகிற ஆள். ஒரு படத்தில் அளவு தப்பாகிவிட்டால் திருத்தி, புது எண் போட்டுக் கொடுப்பார்கள். அதோடு வேலை முடிந்தது என்று வெளியாள் நினைப்பான். எங்கள் பிரிவில் அப்படி முடியாது. அந்தப் பழைய படத்தைப் பார்த்து யார் யார் சாமான் செய்தார்கள் என்று கேட்க வேண்டும். செய்த சாமான் சரியில்லை என்று தள்ளுபடி செய்து அந்த ஆள் பெயரில் குறித்திருந்தால் அந்தக் குறிப்பை அடித்துவிட வேண்டும், ஏனென்றால் அவன் படத்தின்படிதான் செய்தான். அதையும் என்னைப் போன்ற ஆளை அனுப்பிச் செய்ய முடியாது. எந்த ஆபீசர் படத்தைத் திருத்தினாரோ அவரே புதுப் படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அந்த மெஷினுக்குப் போக வேண்டும். எங்கும் எழுதி வைத்த விதி இல்லை, ஆனால் யாரும் அதை மீறி நான் பார்த்ததில்லை.

ஒரு தடவை பெரிய ஆபீசர் ஒருவரோடு நானும் போனேன். கோபக்காரர், யாரிடமும் சிரித்துக்கூடப் பேசமாட்டார். லேத் மெஷினில் நின்றிருந்த ஆளின் சாமான் வரிசையாகத் தள்ளுபடியாகி, அவருக்கு நல்ல வேலை கொடுப்பதையே நிறுத்தியிருந்தார்கள். கூட வேலை செய்கிறவர்கள் அவரைக் கண்டால் நமுட்டுச் சிரிப்பு சிரிப்பார்கள். ஆபீசர் போய் மெஷினை நிறுத்தச் சொன்னார். சுற்றி எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது, "படம் தப்பு. நான் போட்டது. உங்க வேலை சரி" என்றார். அந்த ஆள் "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு மறுபடி மெஷினை ஓட்டினார். அழவில்லை, நன்றி சொல்லவில்லை, ஒன்றுமில்லை. ஆனால் மத்தியானம் கேன்டீனில் அவர் எல்லாரோடும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டார். அதற்கு முன் வெகு நாளாகத் தனியாகத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஆபீசருக்கு மேலிடத்தில் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியது ஏதோ இருந்தது, வாங்கிக் கட்டிக்கொண்டார். அவர் ஆபீசராகவேதான் இருந்தார்.

உன் அப்பாவிடம் சொன்னேன். கல்யாணம் முடியட்டும், நல்ல காரியம் நடக்கிற நேரத்தில் இதை இழுக்க வேண்டாம் என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. எனக்கும் பயம் இருக்கிறது, அதை உன்னிடம் மறைக்கமாட்டேன். அந்தத் திருத்தத்துக்காகத்தான் உன்னைக் கூப்பிட்டார்கள், அதற்குப் பின்னால் இப்படி ஒரு கதை இருக்கிறது என்று தெரிந்தால் அங்கே உன்னை என்ன நினைப்பார்கள்? பழைய ஆபீஸில் உன்னைப் பற்றி என்ன பேசுவார்கள்? பெண் வீட்டுக்காரர்கள் காதுக்குப் போனால்? எல்லாம் யோசித்துவிட்டேன். ஆனால் கல்யாணம் முடிந்ததும் தலை தீபாவளி வரும், அப்புறம் உன் பெண்டாட்டிக்கு விசா வரும், அப்புறம் ஒரு குழந்தை வரும். நம் வீட்டில் நல்ல காரியத்துக்குக் குறைவே இருக்காது. அந்தப் பெண் புடவையை எடுத்துப் போட்டுக்கொண்டே இருப்பாள். இன்னும் கொஞ்ச நாள் போனால் அவள் படித்ததே மறந்துவிடும். அப்புறம் நீ போய்ச் சொன்னாலும் அவள் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வாள்?

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. முதலில் அவளுக்குப் போன் செய். மெசேஜ் வேண்டாம், குரலில் பேசு. நான் எழுதின பக்கத்தில் இருந்த வரி தப்பு, அது சொன்னபடிதான் நீ செய்தாய், உன் வேலை சரி என்று அவளிடம் சொல். எங்களுக்குச் சொன்ன மாதிரி மளிகைச் சீட்டு வைத்துச் சொல்லாதே, அவளுக்கு அது தேவையில்லை, உன் பாஷையிலேயே சொன்னால் போதும். அவள் கோபப்படலாம். இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்கலாம். கேட்டால் கேட்டுக்கொள், குறுக்கே பேசாதே. அதற்கப்புறம் உன் பழைய மேனேஜருக்கு எழுது. பக்கத்தை எழுதியவன் நான், மாற்றியவனும் நான், எதற்காக மாற்றினேன் என்பது இது என்று எழுது. அதை அவளுக்கும் ஒரு காப்பி அனுப்பு, போகிற இடத்தில் காட்டிக்கொள்வாள். அவர்கள் மறுபடி வேலை கொடுப்பார்களா, மாட்டார்களா என்று எனக்குத் தெரியாது. கொடுக்காவிட்டாலும் அவள் அந்த நாட்களைத் தன் ரெஸ்யூமில் திரும்ப எழுதிக்கொள்ளலாம். கம்ப்யூட்டரைப் பயப்படாமல் திறக்கலாம்.

நீ கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்தால் அவள் போன பிறகு உட்கார்ந்து சோதித்துப் பார்த்திருக்கமாட்டாய். அவள் பெயரை அந்தப் பட்டியலில் எழுதாமல் விட்டிருக்கவும் மாட்டாய், கூசாமல் எழுதியிருப்பாய். உன்னால் அவளைப் பார்க்க முடியாது என்று உனக்கே தெரிந்திருக்கிறது. அதை நினைத்தால்தான் எனக்கு உன் மேல் இருக்கிற பாசம் ஒரு துளி குறையாமல் இருக்கிறது. குறைந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பவித்ரா உன் கல்யாணத்துக்கு வருகிறாள். அம்மாவும் அவளும் வருவதாகச் சொல்லிவிட்டார்கள், முந்தின நாள் ரிசப்ஷனுக்கே வருகிறார்களாம். கடையில் லீவு சொல்லிவிட்டாள். உனக்கு என்ன பரிசு வாங்கலாம் என்று என்னிடமே கேட்டாள். வரிசையில் நின்று மேடையேறி வந்து, "கங்கிராட்ஸ் அண்ணா" என்று கையை நீட்டுவாள். நீ அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு போட்டோவுக்குச் சிரிக்க வேண்டும். பக்கத்தில் உன் பெண்டாட்டி நிற்பாள், இந்தப் பக்கம் நான் நிற்பேன். என்னால் சிரிக்க முடியாது கண்ணா.

இதை உனக்கு அனுப்புகிற அன்றைக்கே, நான் வழக்கமாகப் படிக்கிற மாத இதழுக்கும் ஒரு பிரதி அனுப்புகிறேன். உன் பெயர் இதில் இல்லை, கம்பெனி பெயர் இல்லை, பவித்ரா என்பதும் அவள் நிஜப் பெயர் இல்லை. ஆனால் அவள் படித்தால் அவளுக்குத் தெரிந்துவிடும். உன்னைப் பயமுறுத்தத்தான் செய்கிறேன், வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. போன் செய்து விசாரித்தேன், அடுத்த இதழ் அச்சுக்குப் போக இன்னும் சில வாரம் இருக்கிறதாம். அதற்குள் வேண்டாம் என்று சொன்னால் நிறுத்திவிடுவோம் என்றார்கள். நீ அவளிடம் பேசிவிட்டு எனக்கு ஒரு வார்த்தை சொல். அந்த நிமிடமே கூப்பிட்டு நிறுத்தச் சொல்லிவிடுகிறேன். அப்போது இந்தக் கடிதத்தை உன்னைத் தவிர வேறு யாரும் படிக்கப்போவதில்லை.

அம்மா